கம்பிக்குக் காத்திருந்த காற்று

திருவல்லிக்கேணிக் கடற்கரையில் மாலை நாலு மணிக்கு மேல் எழும் காற்று சுண்டல் வியாபாரத்துக்கு உதவும், மின்சாரத்துக்கு உதவாது. அந்தப் பேட்டையின் மேன்ஷன் அறைகளில் ஆடி மாதம் மின்விசிறியைச் சுற்றவைக்கும் காற்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசுகிறது. இன்னொரு பங்கு பாலக்காட்டுக் கணவாய் வழியாக உடுமலை, பல்லடம் பக்கம் இறங்குகிறது. மூன்றாவது செங்கோட்டைக் கணவாய். நான்காவது கம்பம் பள்ளத்தாக்கு. மேற்குத் தொடர்ச்சி மலை எங்கெல்லாம் இடைவெளி விட்டதோ அங்கெல்லாம் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கியடித்துக்கொண்டு நுழைகிறது. அதை மின்சாரமாக்குவது பழகிய வித்தையாகிவிட்டது. மலையடிவாரத்திலிருந்து மாநிலத்தின் மறுகோடிக்குக் கொண்டுவருவதுதான் இன்றைக்கும் தகராறு.

அந்தத் தகராறு அன்றாடம் தெரியும் இடம் திருவல்லிக்கேணிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அண்ணா சாலை 144 ஆம் எண் மின்வாரியத் தலைமையக வளாகத்தில், லோடு டெஸ்பாட்ச் சென்டர் என்று வாரியத்தார் சொல்லும் கட்டுப்பாட்டு மையம் இயங்குகிறது. மே முதல் செப்டம்பர் வரையிலான காற்றுப் பருவத்தில் மாநிலத்தின் காற்றாலைகள் சில நாள் 5,000 மெகாவாட்டுக்கு மேல் தருகின்றன; சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கில் இறங்கியும் விடுகின்றன. எந்த அனல் உலையைத் தணிப்பது, எந்த அணையில் நீரைத் திறப்பது, எந்தத் துணைமின் நிலையத்தில் காற்றாலைகளை நிறுத்தச் சொல்வது என்பதெல்லாம் இங்கிருந்துதான் முடிவாகின்றன. நிறுத்தச் சொல்வதற்குப் பெயர் ‘பேக்கிங் டவுன்’. காற்றாலை முதலாளிகளுக்கு இதைவிடக் கசப்பான சொல் கிடையாது.

தமிழ்நாட்டு மின்சார வரலாற்றை ஆலைகளின் வரலாறாகவே சொல்லிவருகிறோம்: பைக்காரா, மேட்டூர், நெய்வேலி, எண்ணூர், முப்பந்தல். கம்பிகளின் வரலாறாக அதைச் சொல்பவர் குறைவு. கோபுரத்துக்கு முன்னால் நின்று யாரும் படம் பிடித்துக்கொள்வதில்லை. ஆனால் கம்பி முன்னால் போனதா, பின்னால் வந்ததா என்று கேட்டுக்கொண்டே இந்த வரலாற்றைப் படித்தால் பல முடிச்சுகள் அவிழ்கின்றன.

தொடக்கம் காவிரியில். மைசூர் திவான் கே. சேஷாத்ரி ஐயர் காலத்தில் சிவசமுத்திரம் அருவியில் மின்நிலையம் அமைக்கும் திட்டம் உருவானது. பாலக்காட்டுப் பக்கத்தவரான அவர் சென்னை மாநிலக் கல்லூரியில் 1868 இல் பட்டம் பெற்றவர். கல்லூரியின் இப்போதைய கடற்கரைக் கட்டடம் 1870 இல்தான் திறந்தது என்பதால் திருவல்லிக்கேணிக் கடற்காற்று அவருடைய வகுப்பறைக்குள் வீசியிருக்காது. அருவிக்கு அருகில் மின்சாரத்துக்கு வேலை இல்லை. வேலை இருந்தது கோலார் தங்கவயலில், சுமார் 150 கிலோமீட்டர் தள்ளி. ஜெர்மனியில் லாஃபனிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சிக்கு 175 கிலோமீட்டர் தூரம் மின்சாரத்தை அனுப்பிக் காட்டியது 1891 இல். பதினோரே ஆண்டுகளில், 1902 இல், சிவசமுத்திரத்தின் மின்சாரம் கோலார் சுரங்கத்தைச் சென்றடைந்தது. சேஷாத்ரி ஐயர் அதைப் பார்க்கவில்லை. 1901 இல் காலமாகிவிட்டார். பெங்களூரின் தெருக்களுக்கு அந்த வெளிச்சம் வந்தது 1905 இல். சுரங்கம் முதலில், ஊர் பிறகு. யாருக்காக இழுக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் கம்பியின் பாதை அமையும்.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ஒரே அளவு மின்திறனை அனுப்பும்போது அழுத்தத்தை இரட்டிப்பாக்கினால் கம்பியில் ஓடும் மின்னோட்டம் பாதியாகும். சூடாகி வீணாகும் இழப்பு நாலில் ஒரு பங்காகும். ஆகவே தூரம் கூடக்கூட அழுத்தமும் கூடியாக வேண்டும். 66 கிலோவோல்ட், 110, 230, 400, 765 என்று தமிழ்நாட்டுக் கோபுரங்கள் உயர்ந்துகொண்டே போனதற்கு இந்தக் கணக்குத்தான் காரணம்.

சென்னை அப்போது இந்தக் கணக்கிலேயே இல்லை. 1895 மே 7 அன்று மின்சார டிராம் ஓடத் தொடங்கிய நகரம் இது. டிராமுக்கு மின்சாரம் முதலில் தெருவுக்கடியில் குழி வெட்டி வைத்த கம்பியிலிருந்து வந்தது. மழைக்காலத்தில் குழியெல்லாம் வெள்ளமானதும் கம்பி தலைக்கு மேலே ஏறியது. (கேபிளைப் புதைப்பதா, மேலே தொங்கவிடுவதா என்ற சண்டை சென்னைக்கு அவ்வளவு பழையது.) பிறகு லண்டனில் பதிவான மெட்ராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் பேசின் பிரிட்ஜில் நிலக்கரி எரித்து நகருக்கு விளக்கேற்றியது. ஆலையும் ஊரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால் நெடுந்தூரக் கம்பிக்குத் தேவை எழவில்லை. அந்தக் கம்பெனியை அரசு எடுத்துக்கொண்டது 1947 இல்.

நெடுந்தூரக் கம்பி தமிழ்நாட்டுக்கு வந்தது மேற்கிலிருந்து. நீலகிரியில் பைக்காரா ஆறு ஏறத்தாழ 3,000 அடி சரிந்து விழும் இடத்தில் மின்நிலையம் கட்டலாம் என்ற யோசனை வெகுகாலமாகவே கோப்பில் இருந்தது. அது 1920களில் உயிர்பெற்றதற்கு, அன்றைய சென்னை மாகாண அரசின் நிர்வாகக் குழுவில் சட்ட உறுப்பினராக இருந்த சி. பி. ராமசாமி ஐயர் முக்கியக் காரணம். இவரும் மாநிலக் கல்லூரி மாணவர்தான். எல்டாம்ஸ் சாலை வீட்டுக்காரர். மேட்டூர் அணைத் திட்டத்திலும் அவர் கை உண்டு. 1927 இல் மாகாண அரசு மின்சாரத்துக்கென்றே தனித்துறை தொடங்கியது. அதன் தலைமைப் பொறியாளராக மேஜர் ஹெச். ஜி. ஹோவர்டு வந்தார். 1929 இல் பைக்காரா வேலை தொடங்கி, 1932 இல் சிங்காரா மின்நிலையம் ஓடத் தொடங்கியது.

மலையடிவாரக் காட்டில் பிறந்த அந்த மின்சாரத்தைச் சமவெளியில் யார் வாங்குவார்கள் என்பது அன்று பெரிய கேள்வி. 1930களின் தொடக்கம் உலகப் பொருளாதாரமே படுத்துக்கிடந்த காலம். ஆனாலும் 66 கிலோவோல்ட் கம்பி கோயம்புத்தூருக்கு வந்துசேர்ந்தது. தேயிலைத் தொழிற்சாலை, பஞ்சாலை, கிணற்றுக்குப் பம்புசெட் என்று வாடிக்கையாளர்களைத் துறையே தேடிப் போனது. கம்பி முன்னால் வந்தது. தேவை பின்னால் வளர்ந்தது. கோவையில் பஞ்சாலைகள் மளமளவென்று முளைத்தது பைக்காரா மின்சாரம் வந்த பிறகுதான். ஆலைக்குப் பக்கத்திலேயே பட்டறை, பட்டறையிலிருந்து மோட்டார், மோட்டாரிலிருந்து பம்பு. ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937 இல் செய்த மின்மோட்டார் இந்தியாவிலேயே முதலாவது என்று அந்த ஊர் இன்றும் பெருமை பேசும். பெருமைக்கு அடியில் இருப்பது, வாங்க ஆளில்லாத நேரத்தில் துணிந்து இழுத்த ஒரு கம்பி.

1937 இல் மேட்டூர், 1944 இல் தாமிரபரணியில் பாபநாசம். 1940களில் இந்த மூன்று நீர்மின் அமைப்புகளும் ஒன்றோடொன்று பிணைந்தன. மாகாண அளவில் ஒரு மின்பின்னல் என்பது அன்றைய இந்தியாவில் அபூர்வம். இன்று ‘புதுப்பிக்கத்தக்க ஆற்றல்’ என்று மேடைதோறும் சொல்கிறோமே, தமிழ்நாட்டின் முதல் மின்பின்னல் முழுக்க முழுக்க அதைக் கொண்டுதான் பின்னப்பட்டது. நிலக்கரியின் ஆட்சி பிறகு வந்தது: 1962 இல் நெய்வேலி, 1970 இல் எண்ணூர், 1979 இல் தூத்துக்குடி. இதற்கிடையே 1957 ஜூலை 1 அன்று மின்துறை வாரியமாக மாறியிருந்தது.

கிராமந்தோறும் கம்பி போனதும் இந்தக் காலத்தில்தான். பம்புசெட் இணைப்புகளில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடியானது. கட்டணம் உயர்ந்தபோது கோவை உழவர்கள் நாராயணசாமி நாயுடு தலைமையில் 1972 இல் மாட்டுவண்டிகளோடு நகரை முற்றுகையிட்டார்கள். 1990 இல் உழவர் அனைவருக்கும் மின்சாரம் இலவசமானது. இந்தக் கிராமக் கம்பிகளைப் பற்றி ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: இவை ஊருக்குக் கொஞ்சம் மின்சாரத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்காக இழுத்தவை. மரம் கிளைவிடுவதைப் போல அடியில் பருத்து நுனியில் மெலிந்தவை. நுனியில் இருந்த ஊர்களில் ஒன்றுதான் ஆரல்வாய்மொழிக் கணவாயின் முப்பந்தல்.

முப்பந்தலில் இசக்கியம்மன் கோயில் இருந்தது. வண்டிகள் நின்று கும்பிட்டுப் போகும் வழக்கம் இருந்தது. அங்கே காற்று அதிகம் என்பது நாஞ்சில் நாட்டில் எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு அதிகம், எந்த மாதம், எந்த மணி, எவ்வளவு உயரத்தில் என்று முறையாக அளந்து சொல்ல இன்னொரு மாநிலக் கல்லூரி மாணவி தேவைப்பட்டார்.

அன்னா மணி 1918 இல் பீருமேட்டில் பிறந்தவர். 1939 இல் மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் முடித்தார். இந்த முறை வகுப்பறை கடற்கரையில்தான். பெங்களூரில் சி. வி. ராமனின் ஆய்வகத்தில் வைரங்களின் ஒளிர்வை ஆராய்ந்தார். ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியபோது முதுகலைப் பட்டம் இல்லை என்று டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. 1945 இல் லண்டன் சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிப் படித்துவிட்டு, 1948 இல் திரும்பி இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். மழைமானி முதல் கதிர்வீச்சுமானி வரை உள்நாட்டிலேயே செய்யவைத்தார்; 1976 இல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வுபெற்றார். ஓய்வுக்குப் பின் அவர் எடுத்த வேலைதான் நமக்கு முக்கியம். சூரியக் கதிர்வீச்சுத் தரவுகளைத் தொகுத்து 1980 இல் ஒரு கையேடு. 1983 இல் டி. ஏ. மூலேயுடன் சேர்ந்து இந்தியாவின் காற்றாற்றல் தரவுத் தொகுப்பு. அதன் பிறகு நாடெங்கும் கம்பம் நட்டுக் காற்றை அளக்கும் திட்டம். எங்கே காற்றாலை வைத்தால் ஓடும் என்று கேட்டவர்களுக்கு அந்தத் தொகுதிகள்தான் விடை. சென்னையில் அந்தக் கல்லூரி வாசலைக் கடந்துபோகிறவர்களில் அவர் பெயரைக் கேள்விப்பட்டவர் எத்தனை பேர் இருப்பார்கள் என்பது தெரிந்த விஷயமே. டாக்டர் பட்டம் இல்லாமலேயே அவர் 2001 இல் காலமானார்.

1986 இல் தூத்துக்குடிக்கு அருகே முல்லைக்காட்டில் தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை எழுந்தது. ஒவ்வொன்றும் 55 கிலோவாட் தரும் பத்து இயந்திரங்கள், மொத்தம் 550 கிலோவாட். இன்றைய ஒற்றைக் காற்றாலை இதைப்போல் நான்கைந்து மடங்கு தரும். கயத்தாறு, முப்பந்தல் என்று வாரியமும் மாநில எரிசக்தி மேம்பாட்டு முகமையும் செய்துகாட்டலுக்காக 1993 வரை 120 இயந்திரங்களை நட்டன. மொத்தத் திறன் 19.355 மெகாவாட். டென்மார்க் அரசின் உதவியும் அதில் இருந்தது.

செய்துகாட்டல் பலித்தது. காற்றைவிட வேகமாக வீசியது வருமான வரிச் சலுகை. காற்றாலைக்குப் போட்ட முதலை முதல் ஆண்டிலேயே முழுக்கத் தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்று 1990களில் விதி இருந்தது. லாபத்தில் இருந்த பஞ்சாலைகளுக்கு வேறென்ன வேண்டும்? கோவை, திருப்பூர், ராஜபாளையம் ஆலைக்காரர்கள் முப்பந்தலில் நிலம் வாங்கினார்கள். அங்கே உற்பத்தியாகும் மின்சாரத்தை வாரியத்தின் கம்பியில் ஏற்றிவிட்டு, நூற்றுக்கணக்கான மைல் தள்ளியிருக்கும் தங்கள் ஆலையில் இறக்கிக்கொள்ள வாரியம் அனுமதித்தது. ஆடியில் ஏற்றியதைத் தையில் எடுத்துக்கொள்ளும் ‘பேங்கிங்’ வசதியும் இருந்தது. பைக்காராவின் முதல் வாடிக்கையாளர்களான பஞ்சாலைக்காரர்களின் வாரிசுகள், அறுபது ஆண்டுகளில் மின்சாரம் தருபவர்களாகிவிட்டார்கள்.

ஆனால் இந்த முறை கம்பி முன்னால் போகவில்லை. காற்றாலையை ஆறே மாதத்தில் நட்டுவிடலாம். உயர் அழுத்தக் கம்பிக்குப் பாதை குறித்து, நிலத்தில் கால்பதித்து, ரயில்பாதையும் காடும் தாண்ட அனுமதி வாங்கி முடிக்க ஐந்தாறு ஆண்டு ஆகிவிடும். வரிச் சலுகைக்கு மார்ச் 31 என்று கெடு உண்டு. கோபுரத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஆகவே நுனியில் மெலிந்த அந்தக் கிராமக் கம்பிகளின் தலையில் நூற்றுக்கணக்கான மெகாவாட் வந்து இறங்கியது. கொண்டுவரும் கம்பி கொண்டுபோகும் கம்பியாக வேண்டியிருந்தது. அக்காலக் காற்றாலைகளின் இண்டக்‌ஷன் ஜெனரேட்டர்கள் கம்பியிலிருந்தே காந்தவாக்கத்துக்கான ரியாக்டிவ் பவரை உறிஞ்சிக்கொண்டதால் அழுத்தம் வேறு சரிந்தது. மின்தேக்கிகள் வைத்தார்கள், முப்பந்தல் வட்டாரத்தில் 110 கிலோவோல்ட் துணைமின் நிலையங்கள் வந்தன. நிலையம் வருவதற்குள் அதன் கொள்ளளவைத் தாண்டிக் காற்றாலைகள் விண்ணப்பித்திருந்தன.

உச்சக்கட்டம் 2012. மாநிலத்தில் காற்றாலைத் திறன் ஏறத்தாழ 7,000 மெகாவாட்டைத் தொட்டிருந்தது. அதே ஆண்டில்தான் தமிழ்நாடு தன் வரலாற்றின் மோசமான மின்வெட்டுகளில் ஒன்றைக் கண்டது. சென்னைக்குத் தினமும் இரண்டு மணி நேர வெட்டு என்றால் மற்ற மாவட்டங்களில் பத்து மணி நேரத்துக்கும் மேல். இருட்டில் விசிறிமட்டையோடு உட்கார்ந்திருந்த மாநிலத்தில், காற்று பலமாக வீசிய மாதங்களில் காற்றாலைகளை நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது. தென்கோடியில் பிறந்ததை வடக்கே அனுப்பப் போதிய கம்பி இல்லை. மாநிலத்துக்கு வெளியே விற்கவும் வழி குறுகல்.

வழி குறுகல் என்றது சும்மா இல்லை. அன்று தென்னிந்திய மின்தொகுப்பு தனித்தீவு. மற்ற நான்கு வட்டாரங்களும் ஒரே தாளத்தில் துடிக்க, தெற்கு வேறு தாளத்தில் துடித்தது. இரண்டையும் இணைத்தவை நேர்மின் இணைப்புகள் மட்டும். 2003 இல் வந்த தால்சேர்–கோலார் 500 கிலோவோல்ட் தடம் அவற்றுள் பெரியது. கோலார் மீண்டும் கதைக்குள் வந்துவிட்டதைக் கவனிக்கலாம்: இந்த முறை தங்கத்துக்காக அல்ல, ஒடிசாவின் நிலக்கரி மின்சாரத்தைத் தெற்கே இறக்குவதற்காக. தனித்தீவாக இருந்ததில் ஒரு நன்மையும் இருந்தது. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வடக்கு, கிழக்கு, வடகிழக்குத் தொகுப்புகள் சரிந்து அறுபது கோடிக்கும் மேலானவர்கள் இருளில் கிடந்தபோது தெற்கு தப்பியது. மறு ஆண்டின் கடைசி நாள், 2013 டிசம்பர் 31, ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் கம்பி இரண்டு தாளங்களையும் ஒன்றாக்கியது. சுமார் 200 கிலோமீட்டர்தான் நீளம். ஆனால் முப்பந்தல் காற்றுக்குக் காஷ்மீர் வரை கதவு திறந்தது அதனால்தான்.

கதவு வரை போக வாசல் வேண்டுமே. அதற்காக வந்ததுதான் பசுமை மின்வழித்தடத் திட்டம். தமிழ்நாடு உள்ளிட்ட எட்டு மாநிலங்களில் காற்று, சூரிய மின்சாரத்தை ஏற்றிச்செல்வதற்கென்றே துணைமின் நிலையங்களும் கம்பிகளும். செலவில் 40 சதவீதம் மத்திய அரசின் மானியம், 40 சதவீதம் ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ வங்கிக் கடன், 20 சதவீதம் மாநிலத்தின் பங்கு. 2010 நவம்பரில் வாரியத்திலிருந்து பிரிந்த மின்தொடரமைப்புக் கழகம் தேனிப் பக்கம் தப்பகுண்டிலும் உடுமலைப் பக்கம் ஆனைக்கடவிலும் 400 கிலோவோல்ட் நிலையங்களைக் கட்டியது. ராசிபாளையத்திலிருந்து தருமபுரி மாவட்டப் பாலவாடிக்குக் கம்பி இழுத்தது. கயத்தாற்றிலிருந்தும் 400 கிலோவோல்ட் தடம் வடக்கே ஏறியது. 2022 ஜனவரியில் 12,031 கோடி ரூபாய் மதிப்பீட்டிலான இரண்டாம் கட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது; ஏழு மாநிலங்களில் தமிழ்நாடும் உண்டு.

கம்பி இழுக்கும் தொழிலுக்குத் தனி மொழி உண்டு. எஃகு நடுவில், அலுமினியம் சுற்றிலும் முறுக்கிய கம்பிகளுக்கு ஆங்கிலேயர் காலத்திலிருந்தே விலங்குப் பெயர்கள்தான். 110 கிலோவோல்ட்டுக்குப் பேந்தர், 230க்கு ஜீப்ரா, 400க்கு மூஸ். ‘இந்த லைன் ஜீப்ராவா, பேந்தரா?’ என்று பொறியாளர்கள் வெகு சாதாரணமாகக் கேட்டுக்கொள்வார்கள். கோபுரத்தின் உச்சியில் தொங்கி வேலைசெய்பவர்களில் கணிசமானவர்கள் மேற்கு வங்காளத்தின் மால்டா பக்கத்திலிருந்து வருகிறார்கள். அவர்கள் முதலில் மெல்லிய கயிறு, அதைப் பிடித்து இரும்புக் கயிறு, அதைப் பிடித்துக் கம்பி என்று கோபுரத்துக்குக் கோபுரம் கடத்துகிறார்கள். ஒருமுனையில் இழுக்கும் இயந்திரமும் மறுமுனையில் விறைப்பைக் காக்கும் இயந்திரமும் நிற்க, கம்பி தரையில் உரசாமலே போகிறது.

நிற்பது மட்டும் யாருடைய நிலத்தில்? 400 கிலோவோல்ட் தடத்துக்கு 46 மீட்டர் அகலப் பாதை வேண்டும். 800 கிலோவோல்ட் நேர்மின் தடத்துக்கு 69 மீட்டர். அந்தப் பட்டையில் தென்னை வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது. சோளம் போடலாம். கொங்கு நாட்டில் தென்னந்தோப்பை இழந்து சோளம் போடச் சொன்னால் யார் சும்மா இருப்பார்கள்? சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு 6,000 மெகாவாட் கொண்டுவரும் 800 கிலோவோல்ட் தடமும் அதனோடு மற்றத் தடங்களும் 2018 முதல் ஈரோடு, திருப்பூர், கோவை, நாமக்கல் உழவர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தன. அவர்கள் எதிர்த்து நின்ற சட்டம் 1885 ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம். தந்திக் கம்பம் நட எழுதிய அதிகாரத்தை 2003 மின்சாரச் சட்டம் மின்கோபுரத்துக்கும் நீட்டித்தது. நிலத்தை எடுத்துக்கொள்வதில்லை, பட்டா உழவர் பேரிலேயே இருக்கும், மேலே கம்பி ஓடும். கையகப்படுத்தல் இல்லை என்பதால் அதற்குரிய இழப்பீடும் கிடையாது. சட்டத்தின் பார்வையில் இது சாமர்த்தியம். தோப்பின் நடுவில் நிற்பவருக்கு அப்படித் தோன்றாது. உழவர் கேட்டதில் நியாயம் இருந்தது என்பதை மத்திய அரசின் வழிகாட்டுதல்களே பிறகு ஒப்புக்கொண்டன. 2015 இல் கோபுர அடிநிலத்துக்கு மதிப்பில் 85 சதவீதம் என்றிருந்தது 2024 ஜூனில் 200 சதவீதமானது. கம்பிக்கு அடியிலுள்ள பட்டைக்கு 15 சதவீதம் 30 ஆனது.

உழவர்களின் மற்றொரு கேள்விக்கு இன்னும் சரியான பதில் இல்லை. சாலையோரம் கேபிளாகப் புதைக்கலாமே? புகளூரிலிருந்து திருச்சூருக்குப் போகும் 2,000 மெகாவாட் இணைப்பு கேரளத்துக்குள் ஒரு பகுதி நெடுஞ்சாலையோரம் மண்ணுக்கடியில்தான் ஓடுகிறது. பாலக்காட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் முடிந்தது இந்தப் பக்கம் முடியாதா என்றார்கள். செலவு பல மடங்கு என்பது அதிகாரிகளின் பதில். அது உண்மைதான். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் வாசிகளுக்கு மட்டும் அந்தச் செலவு கட்டுப்படியாகிறது என்பதும் உண்மைதான்: நகரின் நடுப்பகுதிக்கு 230 கிலோவோல்ட் மின்சாரம் தரைக்கடிக் கேபிளில் வருகிறது, இடம் போதாமையால் துணைமின் நிலையங்களும் வாயு அடைத்த பெட்டிகளாகச் சுருங்கிவிட்டன. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னையைச் சுற்றியிருந்த உயர் அழுத்தக் கோபுரங்கள் சாய்ந்தபோது புதைத்த கம்பியின் அருமை நகரத்துக்குத் தெரிந்தது. உழவருக்கு அது முன்பே தெரியும்.

ராய்கர்–புகளூர் தடம் இயங்கத் தொடங்கிவிட்டது. வடக்கிலிருந்து மின்சாரத்தை இறக்குவதற்காக என்று அறிவித்த தடம் அது. காற்று மிகும் மாதங்களில் தெற்கின் மின்சாரத்தை வடக்கே ஏற்றவும் முடிகிற மாதிரிதான் கட்டியிருக்கிறார்கள். முப்பந்தலின் பழைய கிராமக் கம்பியைத் திசைமாற்றப் பட்ட பாடு இதில் தேவைப்படவில்லை.

எல்லாப் ‘பேக்கிங் டவுனுக்கும்’ கம்பிதான் காரணம் என்று சொல்லிவிட்டால் அது வாரியத்துக்குச் சாதகமான கதையாகிவிடும். தமிழ்நாட்டில் சூரிய மின்நிலையங்களை நிறுத்திவைத்தது பற்றிய வழக்கில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஆகஸ்டில் வேறு விதமாகச் சொன்னது: தொகுப்பின் பாதுகாப்புக்காக அல்லாமல் வணிகக் காரணத்துக்காக நிறுத்தினால் இழப்பீடு தர வேண்டும். பாதுகாப்பைக் காரணம் காட்டி, விலை மலிவான வேறு மின்சாரத்துக்கு இடம் விட்டிருக்கக்கூடும் என்ற சந்தேகம் அதற்குப் பிறகு வெறும் புலம்பலாக இல்லை.

கம்பியை முன்கூட்டியே இழுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு டெக்சாஸ் ஒரு பதில். அங்கே மாநிலச் சட்டமன்றம் 2005 இல் ஒரு முடிவு எடுத்தது: காற்று மிகுந்த மேற்குப் பகுதிகளை முதலில் வரையறுப்பது, காற்றாலை வருகிறதோ இல்லையோ அங்கே கம்பியை இழுத்துவிடுவது. ஏறத்தாழ 700 கோடி டாலர் செலவில் 2014 தொடக்கத்துக்குள் தடங்கள் முடிந்தன. காற்றாலைகள் தானாக வந்து நிரம்பின. ஹோவர்டின் துறை 1930களில் கோவைக்குச் செய்தது ஏறக்குறைய இதுதான், அளவு மட்டுமே வேறு. அதே துறையின் வாரிசான வாரியம் முப்பந்தலில் ஏன் செய்யவில்லை என்று கேட்டால், கடனில் மூழ்கியிருந்தது, இலவச மின்சாரத்தின் சுமை இருந்தது, முதலீட்டை முடிவுசெய்தது வாரியம் அல்ல வருமான வரி விதி என்று காரணங்கள் நீளும். எல்லாமே உண்மை. ஆனால் 1932 இல் மட்டும் பணம் கொழித்துக் கிடக்கவில்லை.

அடுத்த கட்டம் கடலுக்குள். கன்னியாகுமரி, தூத்துக்குடிக் கரைகளுக்கு அப்பால் மன்னார் வளைகுடாவில் நிலத்தைவிடப் பலமாகவும் சீராகவும் காற்று வீசுவதாக, பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனம் சொல்லிவருகிறது. 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை கடற்காற்றாலைக்கு 7,453 கோடி ரூபாய் உதவித்தொகைக்கு ஒப்புதல் தந்தது. குஜராத் கடலில் 500 மெகாவாட், தமிழ்நாட்டுக் கடலில் 500. காற்றாலைகளை நடும் கம்பெனிகளை ஏலத்தின் மூலம் தேர்ந்தெடுப்பதாக ஏற்பாடு. கடல்நடுத் துணைமின் நிலையத்தையும் அங்கிருந்து கரைக்கு வரும் தடத்தையும் அமைக்கும் பொறுப்பு மட்டும், ஏலத்துக்கு முன்பே, பவர்கிரிட் நிறுவனத்தின் பெயரில் எழுதப்பட்டுவிட்டது.